இருநூற்றைம்பதில் சேறு

ட்ரம்ஸ் அடித்தது நாவாந்துறையில்,
மீன்பெட்டிகளின் றெஜிபோம் மூடிகளைச்
சுவரெல்லாம் ஒட்டிய அறையில்.
சத்தம் வெளியே போகவில்லை என்று சொல்லமாட்டேன்.
மணம் உள்ளேயே நின்றது.

நாலு மைக். இரண்டு கடன்.
அதில் ஒன்று கலியாணவீட்டு அறிவிப்பாளருடையது.
கிக் ட்ரம்மின் வயிற்றுக்குள்
தலையணையோடு படுக்கவைத்தோம்.
மணமக்களை மேடைக்கு அழைத்துப் பழகிய தொண்டை
முதல் அடியிலேயே கம்மிப்போனது.

இப்போது இரவு பதினொன்றரை.
என் காதுக்குள் றெஜினோல்ட் அடிக்கிறான்,
அவனோ குருநகரில் நித்திரை.
மூன்றாம் வரியில் அவசரப்படுகிறான்,
எப்போதும் அதே இடத்தில்,
பின்னால் நாய் வருவதுபோல.
நேராக்கலாம், மவுஸால் ஓர் இழுப்பு.
இழுத்தேன்.
அடி கோட்டில் நின்றது, ஆளைக் காணவில்லை.
பழையபடி விட்டேன்.

இடப்பக்கம் ஒரு கிற்றார், வலப்பக்கம் ஒன்று.
குகப்பிரியன் ஒரே துண்டை இரண்டுதரம் வாசித்தான்.
இரண்டாம்தரம் ஒரு கம்பி இறங்கியிருந்தது.
அந்த மயிரிழை விலகலில்தான்
பத்துக்குப் பத்து அறை அகலமாகிறது.

எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால்
சேறு.
இருநூற்றைம்பது ஹேர்ட்ஸ் பக்கம்,
வற்றுக்கடலில் நண்டுக்கு இறங்கியவர்கள் மாதிரி
பேஸ் இடுப்புவரை, கிற்றார்கள் முழங்கால்வரை,
காலைத் தூக்க ஏலாமல் நிற்கிறார்கள்.
மூன்று டெசிபெல் குறைத்தேன், கொஞ்சம் அசைந்தார்கள்.
ஆறு குறைத்தேன்,
எல்லாரும் கரையேறினார்கள், எலும்பும் தோலுமாக.
நாலரையில் விட்டேன்.
கணுக்காலில் கொஞ்சம் ஒட்டியிருக்கட்டும்.

அடியில் ஓர் உறுமல், ஐம்பது ஹேர்ட்ஸ்.
வீட்டுக்கு எர்த் இல்லை.
வெட்டினால் பேஸின் அடிவயிறும் சேர்ந்து போகிறது.
ஆகவே மின்சார சபையும் எங்கள் பாண்டில் இருக்கிறது.
அவர்களுக்கு மட்டும்தான்
மாதாமாதம் காசு கொடுக்கிறோம்.

யசோமிதாவின் குரல், பதினோராவது தடவை.
வரிகள் அவளுடையவை:
“அம்மா வீட்டில இல்லையாம்
அம்மாதான் சொல்லச் சொன்னவ.”
சனிக்கிழமைகளில் வரும் லீசிங்காரனுக்கான பாட்டு.

கேற் என்றொரு கருவி உண்டு.
மெல்லிய சத்தம் வந்தால் தானாகச் சாத்திக்கொள்ளும்,
மூச்சு, கதிரை, தூரத்து நாய்
ஒன்றையும் உள்ளே விடாது.
மற்ற எல்லாத் தடவைக்கும் அதைப் போட்டிருக்கிறேன்.

பதினோராவதில்
வெளியே இருந்த மற்றக் கேற்றை
யாரோ அடித்தார்கள்.
இரும்புக் கேற். மூன்று அடி.
அவள் நிறுத்தினாள்.
ஹெட்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது,
அவள் மட்டும் நின்றாள்.
இரண்டு செக்கன்.
அலைக்கோட்டில் அது தட்டையாகத்தான் தெரிகிறது.
ஏற்றிக் கேட்டால் மூச்சு,
நெஞ்சின் மேல்பாதியில் மட்டும் போய்வருகிற மூச்சு,
கதவுக்குப் பின்னால் இருந்து பழகியவர்களின் மூச்சு.
பிறகுதான் அந்தக் கத்தல்.
தாளத்துக்கு அரை அடி பிந்தி,
சிவப்பைத் தாண்டி, ஓரம் கிழிந்து.

வந்தவர் மரியதாசன் அண்ணை.
மோட்டச்சைக்கிள் பாதையை மறிக்குதாம்.
சத்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இரண்டு செக்கனுக்கும்
ட்ரம்ஸை மூடினேன், கிற்றார்களை மூடினேன்.
உறுமலை விட்டேன்.
கருவியின் கேற்றைக் கழற்றி எறிந்தேன்.

விடிய ஐந்தரை, மீன்சந்தை வாசல்.
றெஜினோல்டின் மச்சான் பிறின்ஸ்ரனின் ஓட்டோவில்
போட்டுப் பார்த்தோம்.
அவனுடைய ஸ்பீக்கரில் நன்றாக ஒலித்தால்
எதிலும் ஒலிக்கும்.
முதல் வரியிலேயே பேஸ் காணாமல்போனது.
சேறும் போனது, நான் மினக்கெட்ட நாலரையும் போனது.

கேற் அடிக்கும் இடம் வந்தது.
பிறின்ஸ்ரன் சட்டென்று சத்தத்தைக் குறைத்தான்.
பக்கக் கண்ணாடியில் பார்த்தான்.
ஓட்டோ லீசிங்கில் எடுத்தது.

“ஆரடா அது?”

“பாட்டுக்குள்ள.”

திரும்ப ஏற்றினான். முடியும்வரை கேட்டான்.
“நல்லாத்தான் இருக்கு,
பேஸ்தான் கேக்கேல்ல.”

வந்து ஒரு டெசிபெல் ஏற்றினேன்.
சேறும் கூடவே ஏறியது.